நங்கூரமும் அதன் பிடியும்



எங்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-இல் பூங்கா அமைந்தது. ஏரியில் உல்லாசப் படகுகளும் மிதக்கலாயின. அவற்றைக் கண்ட சிறுவன் ஒருவன், “ஐயா, கனமான நங்கூரந்தானே சிறந்தது?” என்று என்னை வினவினான். வரலாறு வேறு விடை பகர்கின்றது.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பல்களும் அவ்வாறே நின்றன. அக்டோபரில் ஓரிரவு பெரும்புயல் எழுந்தது. கனத்த இரும்பு நங்கூரங்கள் இருந்தும் பயன் என்ன? கப்பல்கள் சில மூழ்கின. மாலுமிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். ஒதுங்க இடமில்லாத கடலில் எடை காவலாகாது.

தரையைப் பற்றும் வடிவமும் வேண்டும். பாறைக்குக் கொக்கி போன்ற கைகள் ஏற்றவை. மணலுக்கும் சேற்றுக்கும் அகன்ற அலகுகள் ஏற்றவை. 1933-இல் ஜெஃப்ரி டெய்லர் என்னும் ஆங்கில அறிஞர், சிறு படகுகளுக்கும் கடல் வானூர்திகளுக்கும் உதவுமாறு, கலப்பை வடிவில் நங்கூரம் அமைத்தார். எடை குறைவுதான், ஆயினும் இழுக்க இழுக்க ஆழப் புதையும். கயிறோ நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் நீளவேண்டும். இழுப்புக் கிடையாக இருந்தால்தான் பிடி நிலைக்கும்.

ஆகவே, நங்கூரத்தைத் தேர்வதற்குமுன் தரையையும் காற்றையும் அறிந்துகொள்ளுங்கள். சென்னைக் கடல் அப்பாடத்தை உயிர்களை விலையாகக் கொண்டே கற்பித்தது.