ஆம்பளைக்கு எதுக்கு இந்த ஊசி?

பேங்க் வேலையில் ஊர் ஊராகச் சுற்றி, இப்போது வதோதராவில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே இன்னொரு பிராஞ்சில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப்பக்கத்து நண்பர் ஒருவர். வயசு முப்பத்தாறு, ஒரு குழந்தை. போன தீபாவளிக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். காபி குடித்து முடிக்கிற வரைக்கும் ஊர்க்கதை. பிறகு மெதுவாக, "அண்ணே, மொட்டை மாடிக்குப் போயி பேசலாமா?" என்றார்.

விஷயம் இதுதான். அந்தரங்க இடத்தில் மரு. தோல் டாக்டர் ஆசிட் வைத்து எரித்திருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் எச்.பி.வி தடுப்பூசி போஸ்டர் பார்த்திருக்கிறார். அதில் ஒரு அம்மாவும் பொண்ணும் மட்டும்.

"அது பொம்பளைங்க ஊசியாண்ணே? நான் போட்டுக்கிட்டா இது போயிருமா?"

எனக்குத் தெரியவில்லை. பி.காம் படித்தவனுக்கு வைரஸைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கேள்வி மண்டையைக் குடைந்தது. ரெண்டு மாசம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். (நண்பரின் சம்மதத்தோடு, அடையாளம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

கதை ஒரு லெட்ஜரில் ஆரம்பிக்கிறது. இத்தாலியில் வெரோனா நகரம். ரிகோனி ஸ்டெர்ன் என்ற டாக்டர், 1760 முதல் 1839 வரையிலான சாவுப் பதிவேடுகளை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். கன்னியாஸ்திரீகளுக்குக் கருப்பைப் புற்று அபூர்வம், கல்யாணமான பெண்களுக்கு அதிகம். 1842ல் இதை வெளியிட்டார். கல்யாணத்துக்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கல்யாணத்தில் இரண்டு பேர் அல்லவா? பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். இங்கே புருஷனுக்கு ஒரு காலமே இல்லை.

அடுத்த எண்ட்ரி விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. கொரியப் போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். அங்கே இருந்தபோது சிலருக்கு இந்த மரு வந்திருந்தது. திரும்பிய சில வாரங்களில் அவர்கள் மனைவிமாருக்கும் வந்தது. 1954ல் டாக்டர்கள் இதை எழுதிய பிறகுதான், இது உடலுறவில் பரவுவது என்பதற்குத் தெளிவான சாட்சி கிடைத்தது. கொண்டு வந்தவர் ஆண் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன் 1970களிலேயே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸாக இருக்கலாம் என்றார். அப்போது பெரும்பாலானவர்கள் சந்தேகப்பட்டது ஹெர்பிஸ் வைரஸை. 1983ல் அவர் குழு புற்றுத் திசுவில் 16ஆம் வகையைப் பிடித்தது, அடுத்த வருஷம் 18ஆம் வகை. 2008ல் நோபல் பரிசு. பையன்களுக்கும் ஊசி போட வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். 2023ல் காலமானார்.

1991ல் ஆஸ்திரேலியாவில் இயன் ஃபிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் சோவும், வைரஸின் வெளிக்கூட்டை மட்டும் உள்ளே சரக்கில்லாமல் செய்து காட்டினார்கள். தடுப்பூசிக்கு அதுதான் அஸ்திவாரம். ஊசி வந்ததைப் பார்க்காமலே சோ 1999ல் இறந்துவிட்டார்.

2006ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, 9 முதல் 26 வயது வரையிலான பெண்களுக்கு மட்டும். காரணம் இல்லாமல் இல்லை. இந்த வைரஸால் அதிகம் சாவது பெண்கள். கையில் இருக்கிற பணத்தை முதலில் எங்கே போடுவது என்று கேட்டால், நானும் அங்கேதான் போடுவேன். பெண்களுக்குப் போட்டால் ஆண்களுக்கும் தானாகப் பாதுகாப்பு வரும் என்று ஒரு கணக்கும் இருந்தது.

அந்தக் கணக்கு பாதி சரியாக வந்தது. ஆஸ்திரேலியா 2007ல் பெண்களுக்குப் போட ஆரம்பித்தது. சில வருஷங்களில் மெல்போர்ன் கிளினிக்கில் இளம்பெண்களிடம் மரு மளமளவென்று குறைந்தது. ஊசியே போடாத இளைஞர்களிடமும் குறைந்தது. ஆனால் ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்களிடம் அப்படிக் குறையவில்லை. அவர்களை அந்தக் கணக்கில் யாருமே சேர்க்கவில்லை. 2013ல் ஆஸ்திரேலியா பள்ளிப் பையன்களையும் சேர்த்தது. இங்கிலாந்து 2018ல் அந்த ஆண்களுக்கு 45 வயது வரை கிளினிக்கில் போட ஆரம்பித்து, 2019ல் பள்ளிப் பையன்களுக்கும் வந்தது.

அமெரிக்காவில் 2009ல் ஆண்களுக்கு மருவைத் தடுக்க அனுமதி. பிறகு ஆசனவாய்ப் புற்று, 2020ல் தொண்டைப் புற்று சேர்ந்தது. அங்கே இந்த வைரஸால் வரும் தொண்டைப் புற்று ஆண்களுக்குத்தான் அதிகம். (நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுக்குப் புகையிலைதான் பெரிய வில்லன்.)

நம் கதை வேறு. 2009ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், நான் இருக்கும் இதே வதோதரா மாவட்டத்திலும் பள்ளி வயதுப் பெண்களுக்கு ஒரு திட்டமாகப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்த செய்தி வந்து 2010ல் நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமில்லை என்றது விசாரணை. ஆனால் பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கவில்லை என்பது உண்மை, ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து போட்ட கதையும் உண்டு. 2013ல் நாடாளுமன்றக் குழு வெளுத்து வாங்கியது. கையெழுத்து சரியில்லாமல் லோன் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன நம்பிக்கை திரும்பப் பல வருஷம் ஆனது. 2023ல் சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் வந்தபோது, ஆண் பெண் இருபாலருக்கும் என்றே வந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிச் சுவரில் அம்மாவும் பொண்ணும்தான் :-)

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். ஒரு நல்ல டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் சொன்னதன் சாரம்:

ஊசி, வந்த வைரஸை விரட்டாது. வீடு எரிந்த பிறகு இன்ஷூரன்ஸ் எடுப்பது மாதிரி. இதுவரை ஒட்டாத வகைகளை மட்டும் தடுக்கும். ஆசிட், உறைய வைத்தல், சுட்டு எடுத்தல், களிம்பு எல்லாம் மருவை எடுக்கும், வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. பெரும்பாலோருக்கு உடம்பே ஒன்றிரண்டு வருஷத்தில் அதை அடக்கிவிடும். மரு கொடுப்பவை பெரும்பாலும் 6, 11 வகைகள், புற்று கொடுப்பவை வேறு. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. 27 முதல் 45 வயதுக்காரர்களுக்கு அமெரிக்காவில் 2018ல் அனுமதி கிடைத்தது, ஆனால் எல்லாருக்கும் போடச் சொல்லவில்லை. ஏற்கெனவே பல வகை ஒட்டியிருக்கும், பலன் குறைவு. டாக்டரோடு பேசி அவரவர் முடிவு செய்ய வேண்டியது.

கடைசியாக ஒன்று சொன்னார். "இது எப்போ வந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா தூங்கிட்டு இருந்திருக்கலாம். அதனால யார் மேலயும் பழி போடாதீங்க. ஆனா மனைவிகிட்ட சொல்லுங்க. அவங்க பரிசோதனை செஞ்சுக்கணும்."

திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் கழித்து போன். "சொல்லிட்டேண்ணே. ரெண்டு நாள் மூஞ்சியே பாக்கல. மூணாம் நாள் அவளே டாக்டர்கிட்ட போலாம்னா. டெஸ்ட்ல ஒண்ணுமில்ல."

எனக்கு இப்போது 45. டாக்டரிடம் கேட்டேன், பெரிய பலன் இல்லை என்றார், விட்டுவிட்டேன். ஆனால் பொண்ணுக்கு ஊசி போடப் போன அன்றைக்கு, பதின்மூன்று வயசுப் பையனையும் கூட்டிப் போனேன். "எனக்கு எதுக்குப்பா?" என்றான். வெரோனாவிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். "உனக்கும் இது வரும்டா, உன்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கும் போகும்" என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படித்ததையும் கேட்டதையும் எழுதியிருக்கிறேன். உங்கள் விஷயத்துக்கு உங்கள் டாக்டர்தான்.