மூன்று நிமிஷ சங்கீதம்

"என்ன இருந்தாலும் கறுப்புத் தட்டில் சுழலும் சங்கீதத்துக்கு ஈடாகுமா?" என்று கேட்டார் என் நண்பர் ஒருவர். பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி அலமாரி நிறைய அடுக்கியிருப்பவர் அவர். இணையத்தின் வழியே கைபேசிக்கு வரும் பாட்டில் ஜீவன் இல்லையாம்!

நான் கைபேசிக் கட்சி. அதற்குச் சரித்திரம் ஒரு காரணம். சொந்தக் கதை இன்னொரு காரணம்.

முதலில் சரித்திரம். 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினார். பிரபல பாடகி கௌஹர் ஜான் அதன் குழாய்க்கு முன்னால் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகில் பதிந்த அந்தக் குரல் ஜெர்மனியிலுள்ள ஹனோவருக்குக் கப்பலேறிப் போய், அரக்குத் தட்டாகத் திரும்பி வரவேண்டும். அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டாமா?

அந்த நாள் தட்டு, பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான் இடம் கொடுத்தது. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விஸ்தரிக்கும் வித்வான்கள், ஆலாபனையைச் சுருக்கி, ஸ்வரத்தை நறுக்கி, கடிகாரத்துக்குப் பயந்து பாடினார்கள். 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட வினைல் தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. அப்போதும் பல்லவியின் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியதுதான்! இணையக் கச்சேரிக்குப் பக்கம் என்பதே இல்லை. மூன்று மணி நேரமானாலும் முழுசாகக் கேட்கலாம்.

இனிச் சொந்தக் கதை. எங்கள் வீட்டில் எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு ஒன்று இருந்தது. 1933-ல், முப்பது வயது நிரம்புமுன்பே மறைந்த அந்த மேதையை என் பாட்டி சிறுமியாக நாடகக் கொட்டகையில் கேட்டவள். வெள்ளிக்கிழமைதோறும் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து அந்தத் தட்டை வைப்பாள். எட்டு வயதில் நான் அதைக் கைதவறிப் போட்டுவிட்டேன். அப்பளம்போல் நொறுங்கியது. பாட்டி என்னைத் திட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்தாள். கடைகளில் அந்தத் தட்டு கிடைக்கவில்லை. கடைசிவரை அவள் அந்தப் பாட்டை மறுபடி கேட்கவே இல்லை.

சென்ற ஆண்டு அதே பாட்டு என் கைபேசியில் வந்தது, கீறல் சப்தத்துடன். யாரோ ஒரு புண்ணியவான் தம் தட்டை உடையாமல் காப்பாற்றி இணையத்தில் ஏற்றியிருக்கிறார். முதல் அடியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஜீவன் இல்லையென்று யார் சொன்னது?

நண்பர் கட்சியிலும் நியாயம் உண்டு. கம்பெனிக்காரர் நினைத்தால் இணையத்திலிருந்து ஒரு பாட்டை நாளைக்கே எடுத்துவிடலாம். அலமாரியில் இருக்கும் தட்டை யாரும் எடுக்க முடியாது. ஆகையால், நண்பரே, உங்கள் தட்டுகளைப் பத்திரமாகக் காப்பாற்றுங்கள். ஆனால் அவற்றிலுள்ள பாட்டுகளை மட்டும் பூட்டி வைக்காதீர்கள். எந்த வீட்டில் எந்தப் பாட்டி காத்திருக்கிறாளோ!