எறும்பு முதல் காதுமடல் வரை

வீட்டில் சர்க்கரை பார்த்த முதல் பரிசோதகர் எறும்புதான். சிறுநீரில் எறும்பு மொய்த்தால் மதுமேகம் என்பது பழைய ஆயுர்வேதக் குறிப்பு. 1908-இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் ஒரு நீலக் கரைசலைத் தந்தார். 5 மில்லி கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரைக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். 1960 வாக்கில் சோதனை என்றால் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும்தான்.

சர்க்கரை நோயுள்ள பூனைக்கு இந்தச் சிறுநீர்ச் சோதனை அவ்வளவாக உதவாது. மனித ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே சிறுநீரில் தெரியும். பூனைக்கு 250-ஐத் தாண்டவேண்டும். ரத்தத்தையே சோதிக்கும் பட்டை 1960களின் நடுவில் வந்தது. 1970-இல் வந்த முதல் மீட்டர் ஒரு கிலோவுக்கு மேல் கனம். கையடக்கமாகச் சுருங்கிய பிறகே அது பூனையிடம் போனது.

வீட்டிலேயே பூனையின் காதுமடலை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, ஓரத்து ரத்தக்குழாயருகே ஊசியால் குத்தினால் கடுகளவு ரத்தம் துளிர்க்கும். பட்டைக்கு அது போதும். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பதால் விலங்குகளுக்கெனத் தனி மீட்டரும் வந்தது.

இத்தனை பாடும் பூனையின் பயத்தை உத்தேசித்துத்தான். மிரண்ட பூனைக்குச் சர்க்கரை தானாக ஏறும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, உதாரணமாகத் திருத்தணியிலிருந்து, 80 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் கூடைக்குள் கத்திக்கொண்டே வரும் பூனையின் அளவில் மிரட்சியும் கலந்திருக்கும். மடியில் சுருண்டு கிடக்கும்போது எடுத்த எண்ணை வைத்தே இன்சுலின் அளவை மருத்துவர் நம்பிக்கையோடு கூட்டவோ குறைக்கவோ முடியும்.