வீடும் அலுவலகமும்: வேலைக்கு ஓர் எல்லை வேண்டும்

வீட்டிலிருந்து பணியாற்றும் முறை இலங்கையில் பரவலானது 2020 மார்ச்சில், கொவிட் தொற்றுக் காலத்திலேயே. 2022 யூனில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சமடைந்தபோது அரச ஊழியர்கள் பலரும் வீட்டிலிருந்தே கடமையாற்றினர். நெருக்கடி தணிந்த பின்னர், வாரத்தில் சில நாட்கள் அலுவலகம், ஏனைய நாட்கள் வீடு என்ற கலப்பு முறை சில நிறுவனங்களில் நிலைத்துவிட்டது.

போரில் அவயவங்களை இழந்தவர்களுக்கும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கும் இது வெறும் வசதியல்ல. நெரிசலான பேருந்தில் ஏற முடியாதவரும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத தாயும் மாதச் சம்பளம் பெறுவதற்கான வழி இது.

ஆனால் வீட்டில் வேலைக்கு முடிவு நேரம் இல்லாமற் போய்விடுகிறது. சமைக்கும்போதும் தொலைபேசி அழைக்கிறது; பிள்ளை உறங்கிய பிறகும் கணினி மூடப்படுவதில்லை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலங்கள் என வரையறுக்கிறது. வீட்டு நாட்களுக்கும் அதையே அளவுகோலாகக் கொள்வது நியாயம்.

எனவே, இணங்கும் முன் சிலவற்றை எழுத்தில் பெறுங்கள்: அலுவலகத்துக்கு வரவேண்டிய நாட்கள் எவை? எந்நேரம் வரை பதிலளிக்க வேண்டும்? இணையக் கட்டணம் யாருடையது? 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. அத்தகைய நாளில் வேலை எப்படிக் கணக்கிடப்படும்?

அலுவலக நாட்களையும் கைவிடாதீர்கள். பயிற்சியும் பதவி உயர்வும் கண்ணில் படுபவர்களையே முதலில் தேடிச் செல்கின்றன.