கெடுவுக்கு முன்பே

1990களின் நடுவில் வீட்டுக் கடன் வட்டி 15 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஒரு லட்சம் ரூபாயை 15 ஆண்டுக் கெடுவில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 1,400 ரூபாய். முதல் தவணையில் 1,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 150 ரூபாய்தான். ஓராண்டு முழுக்கத் தவறாமல் 16,800 ரூபாய் கட்டிய பிறகும் அசல் இரண்டாயிரம் ரூபாய்கூடக் குறைந்திருக்காது. 15 ஆண்டு முடியும்போது கட்டிய மொத்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

அதே குடும்பம் முதலாண்டு முடிவில் எப்படியாவது 5,000 ரூபாயைப் புரட்டி அசலில் கட்டிவிட்டால், கடைசியில் வரவேண்டிய தவணைகளில் சுமார் 25 இல்லாமல் போகும். அன்று கட்டிய ஐயாயிரம், பின்னால் கட்டவேண்டிய ஏறத்தாழ 35,000 ரூபாயைத் தீர்த்துவிடுகிறது. கடனைக் கெடுவுக்கு முன்பே அடைக்க நடுத்தரக் குடும்பங்கள் ஏன் அப்படித் துடித்தன என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஆனால் கையில் பணம் இருந்தும் அடைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. முன்கூட்டி அடைப்பது கடன் வாங்கியவரின் உரிமை என்று ஆனது மிக அண்மையில்தான்.

வங்கி வருவதற்கு முன் ஊர்களில் ஒத்தியும் போகியமும் இருந்தன. கடன் கொடுத்தவர் நிலத்தையோ வீட்டையோ தன் அனுபவத்தில் வைத்துக்கொள்வார். விளைச்சலோ குடியிருப்போ வட்டிக்குச் சரியாகப் போகும். அசலைத் திருப்பும் நாளில் சொத்து திரும்பும். பத்திரத்தில் கெடு எழுதியிருக்கும். நல்ல விளைச்சல் எடுத்துக்கொண்டிருப்பவர், கெடு முடியும் முன் பணத்தோடு வருபவரை ஏன் வரவேற்கப்போகிறார்? சட்டமும் அவரை வற்புறுத்தவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 60ஆம் பிரிவில், அடமானம் வைத்தவருக்குச் சொத்தை மீட்கும் உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமையைப் பறிக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் உரிமை பிறப்பது கடன் தொகை செலுத்தவேண்டிய நாள் வந்த பிறகுதான். பிந்தி வருபவருக்குச் சட்டம் வழிவிட்டது. முந்தி வருபவர் கடன் கொடுத்தவரின் மனத்தை நம்பியே இருக்கவேண்டியிருந்தது.

அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற சில நகரங்களில் மட்டும், பத்திரத்தைக் கடன் கொடுப்பவர் கையில் ஒப்படைத்தாலே அது அடமானமாகும் என்று ஏற்றது. வணிகர்களின் வசதிக்காக வந்த ஏற்பாடு அது. இன்று தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்குபவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. என்ற பத்திர ஒப்படைப்புக் குறிப்பைப் பதிவு செய்வது அந்த வழிமுறையின் தொடர்ச்சிதான்.

சென்னை நகரத்துச் சம்பளக்காரர்களுக்கு முதலில் கைகொடுத்தவை நிதிகள். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது. இந்த வகைச் சங்கங்களின் பெயரும் அமைப்பும் இங்கிலாந்தின் கட்டடச் சங்கங்களை நினைவூட்டுபவை. அங்கே 1775இல் பர்மிங்காமில் ஒரு விடுதியில் கூடியவர்கள், மாதச் சந்தா போட்டு ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் வீடு ஆனதும் சங்கத்தைக் கலைத்துவிடுவது என்று ஆரம்பித்தார்கள். கலையாமல் நிலைத்து நடப்பவை பின்னர் வந்தன. சென்னை நிதிகளில் உறுப்பினரே பணம் போடுபவர், உறுப்பினரே கடன் வாங்குபவர். நகையும் வீட்டுப் பத்திரமும் ஈடு. ஒரு குமாஸ்தா குடும்பம் ஒரே கட்டடத்தில் சேமிப்புப் புத்தகத்தையும் கடன் புத்தகத்தையும் வைத்துக்கொள்ள முடிந்தது. சிறுசேமிப்பு முதிர்ந்த தொகையைக் கடனில் திருப்பிக் கட்டும் பழக்கத்துக்கு அது வசதியான இடம்.

1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலானது. அங்கே பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதற்கு முன்பே, 1904இல், திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் மளிகைச் செலவைக் குறைக்கும் வழியைக் காட்டியிருந்தது. நகரத்துக் குடும்பத்தின் வரவு செலவை உண்மையில் மாற்றியவற்றில் அந்தக் கூட்டுறவுக் கடைக்கு முதலிடம் தரவேண்டும். மாதச் செலவில் மிச்சம் பிடித்தால்தானே கடனில் கூடுதலாகக் கட்டமுடியும்?

கிராமத்துக் கடன் வேறு வழியில் சட்டத்தை எட்டியது. 1938இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் முழுதும் தீர்ந்ததாகவே கருதவேண்டும் என்றது. அந்த அளவுகோலை 1990களின் ஒரு லட்ச ரூபாய் வீட்டுக் கடன்மீது வைத்துப் பார்த்தால், இரண்டு லட்சம் கட்டிய நாளில் கடன் முடிந்திருக்கவேண்டும். அந்த நாளுக்குப் பிறகும் மூன்று ஆண்டு தவணை மீதி நின்றது. நகரத்துச் சம்பளக்காரருக்கு அப்படியொரு எல்லையை யாரும் வகுத்துத் தரவில்லை.

அரசு ஊழியருக்குக் கிடைத்த வழி மேலானது. மத்திய அரசின் வீடு கட்டும் முன்பணத் திட்டம் 1956இல் வந்தது. அதில் சம்பளத்தில் பிடிப்பது முதலில் அசலுக்குப் போகும், அதிகபட்சம் 180 தவணைகளில். வட்டியைப் பிறகு, 60 தவணைகளுக்குள் பிடிப்பார்கள். அதுவும் தனிவட்டி. முதல் மாதத்திலிருந்தே அசல் கரைவதால் அந்தக் கடனில் வட்டி மலையாகக் குவிவதில்லை. கடன் வாங்குபவரை மனத்தில் வைத்து வகுத்த முறை இது என்று தயங்காமல் சொல்லலாம்.

1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியம் அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் என்று புதுப் பேட்டைகளை எழுப்பியபோது, தவணை முறைக் கொள்முதல் என்ற ஏற்பாடு பலரை வீட்டுக்காரராக்கியது. ஆனால் கிரயப் பத்திரம் கைக்கு வருவது முழுத் தொகையும் கட்டிய பிறகுதான்.

எச்.டி. பாரேக், ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பிறகு 1977 அக்டோபரில் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். அரசு ஊழியரல்லாத சாதாரணச் சம்பளக்காரர், தன் வருமானத்தைக் காட்டி நீண்டகாலக் கடன் வாங்க வழி அப்போதுதான் பரவலாகத் திறந்தது. 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது, அதையொட்டி எல்.ஐ.சி., வங்கிகளின் துணை நிறுவனங்கள் என்று பல இந்தத் தொழிலில் இறங்கின. இவற்றில் பலவும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும் முறையைப் பின்பற்றின. அதாவது ஆண்டுத் தொடக்கத்து நிலுவைக்கு முழு ஆண்டும் வட்டி. ஏப்ரல் தவணையில் சேர்ந்த அசல்கூட மார்ச் முடிவில்தான் நிலுவையிலிருந்து கழியும். இடைப்பட்ட மாதங்களுக்கு, ஏற்கனவே திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி. மாதாந்திரக் குறைப்பு, தினசரிக் குறைப்பு என்று முறைகள் மாறப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் கூடுதல் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து: போனஸ், சீட்டு, வீட்டுப் பெண்களின் கணக்கு நோட்டு.

1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 4 விழுக்காடு என்று தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் அது 8.33 ஆனது. ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். சட்டத்தின் சம்பள வரம்புக்குள் வந்தவர்களுக்குத் தீபாவளிக்கு முன் இது கிடைத்தது. துணிமணி, பட்டாசு, பலகாரம் போக மீதியை ஆண்டுக்கொரு பதின்மூன்றாவது தவணையாகக் கடனில் கட்டிய குடும்பங்கள் வெகு சீக்கிரம் வெளியே வந்தன. 8.5 விழுக்காட்டு வட்டியில், 20 ஆண்டுக் கடனுக்கு ஆண்டுதோறும் ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும். இது எந்த நிபுணரும் சொல்லித் தராமலே தொழிற்சாலைக் குடியிருப்புகளில் புழங்கிய அறிவு.

ஏலச்சீட்டு இன்னும் பழையது. இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம் என்றால் சீட்டுத் தொகை இருபதாயிரம். அவசரக்காரர் தள்ளி எடுப்பார். அவர் விட்டுக்கொடுத்த தொகை மற்றவர்களுக்குள் பிரியும், அடுத்தவர்கள் கட்டவேண்டியது அந்த அளவுக்குக் குறையும். கடைசிவரை பொறுத்திருப்பவர் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக ஏறக்குறைய முழுத் தொகையையும் எடுப்பார். வீட்டுக் கடன் இருந்த குடும்பங்கள் கடைசிச் சீட்டுக்காகக் காத்திருந்ததில் நியாயம் இருந்தது: மாதாமாதம் கட்டாயமாக ஆயிரம் ஒதுங்குகிறது, முடிவில் மொத்தமாக அசலில் விழுகிறது. தமிழ்நாடு 1961இலேயே சீட்டு நிதிச் சட்டம் இயற்றியதும், 1982இல் மத்தியச் சட்டம் வந்ததும் வெறும் நிர்வாகக் காரியம் அல்ல. சீட்டுப் பணத்தோடு ஆள் ஓடிப்போன ஊர்கள் பல. பதிவு செய்த சீட்டில் சேர்ந்தவருக்கே சட்டத்தின் காவல் உண்டு.

மூன்றாவதைப் பற்றி ஆவணம் குறைவு, ஆனால் அதன் பங்கு பெரிது. சம்பளம் ரொக்கமாக வந்த காலத்தில் ஒன்றாம் தேதியே பால், மளிகை, பள்ளிக்கூடம், மின்சாரம், தவணை என்று பணம் தனித்தனியாகப் பிரிந்துவிடும். தவணைக்குரிய கவரில் யாரும் கை வைப்பதில்லை. மளிகையில் மிஞ்சிய இருபதும் முப்பதும் அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் போகும். ஐந்தாண்டு கழித்து அது முதிரும்போது மீண்டும் அசல்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்துக்கொண்டு போனால், கடன் கொடுத்த நிறுவனம் அபராதம் கேட்டது. மீதி அசலில் 2 விழுக்காடு என்பது சர்வசாதாரணம். நிறுவனங்களின் வாதம், நீண்ட காலத்துக்கென்று திரட்டிய பணம் பாதியில் திரும்பினால் எங்களுக்கு நட்டம் என்பது. வேறு வங்கி குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றி எடுத்துக்கொள்வதைத் தடுப்பதே உண்மையான நோக்கம் என்று நுகர்வோர் தரப்பு சொன்னது. 1990களின் இறுதியில் 14, 15 விழுக்காட்டில் வாங்கியவர்கள், 2003, 2004 வாக்கில் புதியவர்களுக்கு 8 விழுக்காட்டுக்கே கடன் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. இந்த விவகாரம் போட்டி ஆணையம் வரை போனது. 2010 டிசம்பரில் ஆணையத்தின் பெரும்பான்மை, அபராதம் போட்டிச் சட்டத்தை மீறவில்லை என்று சொல்லிவிட்டது.

ஆனால் மாற்றம் வேறு பக்கமிருந்து வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய வீட்டுவசதி வங்கி, சொந்தப் பணத்தில் அடைப்பவரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்று வீட்டு நிதி நிறுவனங்களுக்குச் சொன்னது. வங்கி வாடிக்கையாளர் சேவை பற்றி ஆராய்ந்த தாமோதரன் குழுவும் 2011இல் தந்த அறிக்கையில் இந்த அபராதத்தைக் குறை சொன்னது. 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி, மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடன்களுக்கு முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமே கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 1882இன் சட்டம் சொல்லாமல் விட்டதை ஒரு சுற்றறிக்கை சொன்னது. 130 ஆண்டு!

இடையில் வரிச் சலுகை எதிர்ப்பக்கம் இழுத்தது. சொந்தக் குடியிருப்புக்கான வட்டிக் கழிவு 1999 பட்ஜெட்டில் 30,000 ரூபாயிலிருந்து 75,000 ஆனது; 2001இல் ஒன்றரை லட்சம்; 2014இல் இரண்டு லட்சம். கடனை அடைத்தால் வரி கூடுமே என்ற பேச்சு அலுவலகங்களில் புழங்கத் தொடங்கியது. ஒரு ரூபாய் வட்டி கட்டினால் நடுத்தரக் குடும்பத்துக்கு மிச்சமாவது அதிகபட்சம் முப்பது காசுச் சொச்சம். வரிக்காக மட்டுமே கடனை நீட்டுவது நட்டக் கணக்கு. அதேசமயம் எல்லாக் காலத்திலும் அவசரமாக அடைப்பதே லாபம் என்றும் சொல்லமுடியாது. 2003, 2004இல் கடன் வட்டி 8 விழுக்காட்டை ஒட்டி இருக்க, வருங்கால வைப்பு நிதி 9.5 விழுக்காடு தந்தது. அப்போது பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனில் கட்டியவர்கள் கூடிய வட்டியை விட்டுக் குறைந்த வட்டியை அடைத்தார்கள்.

2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4 விழுக்காட்டிலிருந்து 6.5க்கு ஏறியபோது, பலருக்குத் தவணை மாறாமல் கெடு மட்டும் நீண்டது. 58 வயதில் முடியவேண்டிய கடன் ஓய்வுக்குப் பின்னும் ஓடும் என்பதைப் பலர் ஆண்டறிக்கையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அதன்பின் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, கெடுவை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்கவேண்டும், எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுதாகவோ அடைக்க வழி தரவேண்டும் என்றது.

அடைத்து முடித்தவர்கள் செய்யவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 1 முதல், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைக் கடன் கொடுத்த நிறுவனம் திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும். தாய்ப்பத்திரம் உட்பட ஒப்படைத்த எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்து வாங்குங்கள். எம்.ஓ.டி. பதிவுக்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சில நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடன் தீர்ந்த விவரம் அதில் ஏறியிருக்கவேண்டும்.