விக்கைக் கழட்டச் சொன்ன டைரக்டர்

ஒரு சீன் சரியா வரல, மறுபடி எடுக்கணும். முதல்ல என்ன யோசிப்போம்? இன்னும் என்ன சேர்க்கலாம்னுதான். 1938-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் நடந்தது இதுக்கு நேர் எதிர்.

'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' ஷூட்டிங் அக்டோபரில் தொடங்கியது. டைரக்டர் ரிச்சர்ட் தோர்ப். உடைகள் ஏட்ரியன், அன்றைய ஹாலிவுட் ஃபேஷனில் பெரிய பெயர். கன்சாஸ் பண்ணைப் பெண் டோரதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்கு 16 வயசு. அவருக்குப் பொன்னிற விக், பொம்மை மாதிரி கனமான மேக்கப். இரண்டு வாரத்துக்குள் தோர்ப் நீக்கப்பட்டார். எடுத்தது ஏறக்குறைய எல்லாமே வீண்.

சில நாட்களுக்கு மட்டும் வந்தவர் ஜார்ஜ் கூக்கர். அவர் ஒரு சீன்கூட எடுக்கல. விக்கைக் கழட்டச் சொன்னார். மேக்கப்பைக் குறைத்தார். மிகையில்லாம, ஊர்ப் பொண்ணாவே இருன்னு கார்லண்டுக்குப் புரிய வைத்தார். அடுத்து வந்த விக்டர் ஃப்ளெமிங் அந்த டோரதியை வைத்துத்தான் மறுபடி எடுத்தார்.

யோசிச்சுப் பாருங்க. மந்திரக்காரி, தகர மனிதன், பேசுற சிங்கம்னு ஒரு உலகம். அங்க டோரதியும் பொம்மையா நின்னா, நம்ம சார்பா ஆச்சரியப்பட யார் இருக்கா? ஏட்ரியனின் நீல-வெள்ளைக் கட்டம் போட்ட கவுன் நம்ம மனசுல நிக்கிறதுக்கும், அதுக்கு மேல தெரியற இயல்பான முகம் ஒரு காரணம்.

கோட் எழுதுறவங்களுக்கு இது தெரியும்: சில பிழைகளுக்குப் புதுசா எழுத வேண்டாம், அழிச்சாலே போதும். ஆனா அழிச்சவர் பேர் எங்கேயும் வராது. 1939-ல் படம் வந்தப்போ திரையில் டைரக்டரா இருந்த பேர் ஃப்ளெமிங் மட்டும்தான்.