கடல் பொது, பாதை பட்டா

பார்புடா என்று ஒரு தீவு. கரீபியன் கடலில், ஆண்டிகுவாவுக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் கிடக்கிறது. பரப்பு 161 சதுர கிலோமீட்டர். சனம் இரண்டாயிரத்தைத் தொடாது. இருப்பது ஒரே ஊர். அதன் பேர் காட்ரிங்டன். அது ஆண்டையின் பேர். அடிமைகளை வைத்து ஆண்ட குடும்பத்தின் பேரே ஊருக்கு நிலைத்துவிட்டது. நம்ம பக்கத்தில் எத்தனை ஊர் எந்த மிராசுதார் பேரில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இந்தத் தீவின் கதையை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சுற்றுலாப் புத்தகத்தில் வரும் கதை வேறு.

1685-இல் இங்கிலாந்து அரசு தீவு முழுவதையும் காட்ரிங்டன் குடும்பத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகைப் பணம் என்ன தெரியுமா? கேட்டால் ஆண்டுக்கு ஒரு கொழுத்த ஆடு. பன்றி என்று சொல்பவர்களும் உண்டு. ஆடோ பன்றியோ, 'கேட்டால்' என்பதுதான் முக்கியம். 1870 வரை குத்தகை அவர்கள் கையில் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அங்கே வேலை செய்தார்கள். மண் மெலிசு, அடியில் சுண்ணாம்புப் பாறை. கரும்பு எடுபடாது. அதனால் ஆண்டிகுவாவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தேவையான இறைச்சியும் தானியமும் மீனும் இங்கிருந்து போயின. பாறையில் மோதி உடைந்த கப்பல்களின் சரக்கை மீட்பதும் அடிமைகளின் வேலைதான். ஆண்டை தீவில் குடியிருக்கவில்லை, மேலாளர்தான் இருந்தார். கண்காணிப்பு குறைந்த இடத்தில் சனங்கள் காட்டையும் கடலையும் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். எந்த இடத்தில் மண் ஆழம், எந்தத் துறையில் இறால் கிடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

1834 ஆகஸ்ட் 1-இல் விடுதலை. பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுண்டு நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, அடிமை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்கள் கையில் ஒரு துண்டுப் பத்திரம்கூட வரவில்லை. ஆனால் பார்புடாக்காரர்கள் தீவை விட்டுப் போகவில்லை. ஊருக்குள் வீடு, ஊருக்கு வெளியே எல்லாம் பொது. யாருக்கு எங்கே வேணுமோ அங்கே வேலி அடைத்து வள்ளி, சோளம், கடலை போடுவார்கள். மண் களைத்துப்போனால் விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். ஆடு மாடு திறந்தவெளியில் மேயும். வேட்டையும் மீனும் பொது. விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். வேலியும் பத்திரமும் இல்லாமல் நூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடியது. 1904-இல் காலனி அரசு ஒரு சட்டம் போட்டு, நீங்களெல்லாம் அரசரின் குடிகள், நிலம் அரசருடையது என்றது. சனங்கள் தங்கள் பாட்டுக்குப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள்.

எம்.ஏ. வகுப்பில் நெய்தல் திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எல்லாம் மனப்பாடம் செய்தோம். புன்னை இருந்தது, சுறா இருந்தது, உப்பு விற்கிற பெண் இருந்தாள். அந்த மணல் யாருடையது என்ற கேள்வி மட்டும் பாடத்தில் இல்லை.

1980-இல் லண்டனில் விடுதலைப் பேச்சு நடந்தபோது பார்புடா பிரதிநிதிகள், எங்களை ஆண்டிகுவாவோடு கட்டாதீர்கள் என்று கேட்டார்கள். பெரிய தீவின் கையில் எங்கள் நிலம் போய்விடும் என்பதுதான் பயம். கேட்கவில்லை. 1981 நவம்பர் 1-இல் இரண்டும் ஒரே நாடாயின. பிறகும் விடாமல் போராடி 2007-இல் பார்புடா நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தீவின் நிலம் முழுவதும் பார்புடா மக்களுக்குப் பொதுவில் சொந்தம், அதை யாருக்கும் விற்க முடியாது, பெரிய திட்டம் எது வந்தாலும் மக்களின் ஒப்புதல் வேணும் என்று அது சொன்னது. வீட்டுக்கு ஒரு மனை, பயிருக்கு ஒரு துண்டு, தொழிலுக்கு ஒரு இடம் என்று பெற ஒவ்வொரு பார்புடாக்காரருக்கும் உரிமை. விற்க முடியாத நிலம் என்றால் என்ன, அது எப்படிக் கைமாறும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. பஞ்சமி என்ற ஒரு சொல் போதும்.

எட்டே வருசம். 2015-இல் ஆண்டிகுவா நாடாளுமன்றம் 'பாரடைஸ் ஃபவுண்ட்' என்ற பெயரில் தனிச் சட்டம் ஒன்று போட்டது. ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோவும் ஆஸ்திரேலியாவின் சூதாட்ட விடுதி முதலாளி ஜேம்ஸ் பேக்கரும் சொகுசு விடுதி கட்டுவதற்காக. இளவரசி டயானா வந்து தங்கிய பழைய கே கிளப் விடுதி இருந்த இடமும் அதையொட்டிய நிலமும் சேர்த்து 391 ஏக்கர், 198 வருசக் குத்தகை. இந்தத் திட்டத்துக்கு 2007 சட்டம் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஒரு முதலாளிக்காக ஒரு சனத்தின் சட்டத்தையே ஒதுக்கி வைக்கிற சட்டம்! 'சொர்க்கம் கண்டெடுக்கப்பட்டது' என்று பேர் வேறு. தொலைந்தது யாருக்கு, கண்டெடுத்தவர் யார்?

அந்த நாட்டில் கடற்கரை எல்லாம் பொது. விடுதிக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள், யாரும் வரலாம், கடல் எல்லாருக்கும் சொந்தம் என்று. ஆனால் கடல்வரை போவதற்குப் பாதை வேணுமே. பாதை குத்தகை நிலத்துக்குள் ஓடுகிறது. ஒரு கதவும் ஒரு காவலாளியும் போதும், பொதுக் கடற்கரை தனிக் கடற்கரையாகிவிடும். சட்டத்தை யாரும் மீறவில்லை. நடக்கிற சனத்துக்குத்தான் வழி இல்லை.

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் தெருவுக்கு அரசாங்கக் கணக்கில் சுடுகாடு இருக்கிறது. போகிற வழி மட்டும் ஒருத்தர் வயல். நடவு முடிந்துவிட்டால் வரப்புமேலேதான் பாடையைத் தூக்கிப் போகணும். மழைக் காலத்தில் எங்க பெரியப்பாவை இடுப்பளவு தண்ணியில் வாய்க்கால் வழியாகக் கொண்டுபோனோம். மனுக் கொடுத்தால், 'உங்களுக்குத்தான் சுடுகாடு இருக்குதேய்யா' என்றார்கள். இருக்குது. 1923-இல் பம்பாய் சட்டசபை பொதுக் குளங்கள் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் போட்டது, மகத் நகராட்சியும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த்தான் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடிக்க முடிந்தது. காகிதத்துக்கும் படித்துறைக்கும் உள்ள தூரம் அது.

2017 செப்டம்பர் 6. இர்மா புயல். மணிக்கு 285 கிலோமீட்டர் வேகம். தீவின் கட்டிடங்களில் பெரும்பாலானவை நொறுங்கின. ஒரு குழந்தை செத்தது. அடுத்த புயல் வருகிறது என்று இரண்டே நாளில் சனம் முழுவதையும் ஆண்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். முந்நூறு வருசத்தில் முதல்முறையாகத் தீவில் மனுசர் இல்லை. உயிரைக் காப்பாற்ற அப்படிச் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் கேள்வி. சனங்கள் முகாமில் கிடக்கும்போதே பன்னாட்டு விமானநிலையத்துக்காக புல்டோசர்கள் காட்டை அழிக்கத் தொடங்கின. வீடு கட்ட வழியில்லை, ஓடுபாதைக்கு வழி இருந்தது. பெரிய விமானம் இறங்க இடம் வேணும் என்று கேட்பது யார்? வள்ளி தோண்டுகிறவர்கள் அல்ல.

சுனாமிக்குப் பிறகு 2005-இல் நம் கடற்கரையில், அலைக்கு ஆபத்து, உள்ளே தள்ளிப் போங்கள் என்று மீனவர்களிடம் சொன்னது ஞாபகம் இருக்கும். இலங்கையிலும் தடைவளையம் என்று அதையே சொன்னார்கள். விடுதிகளுக்கு அலை பயமில்லை போலிருக்கிறது.

அரசாங்கம் வேறொரு ஆசை காட்டியது. ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து அவரவர் மனையைத் தனிச் சொத்தாக எழுதிக்கொள்ளலாம், வங்கியில் கடன் வாங்கி வீடு கட்டலாம் என்றது. கேட்க நல்லாத்தான் இருக்கும். பட்டா வேணும் என்று எத்தனை மறியல் செய்த ஆட்கள் நாம், பட்டாவை வேண்டாம் என்கிற சனத்தைப் பார்த்தால் நமக்கே திகைப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் கணக்கு வேறு. மனை தனிச் சொத்தானால் அடமானம் வரும், அடமானம் வந்தால் ஏலம் வரும். மிச்சத் தீவு அரசாங்கத்துக்குப் போகும். ஒரு மனைக்கு உரிமைக்காரராகி முழுத் தீவுக்கும் அந்நியராவது. அதனால் பலர் அந்த ஒரு டாலரை நீட்டவில்லை. அடுத்த சில மாதங்களில் 2007 சட்டத்தின் அடித்தளமே திருத்தப்பட்டது. பால்மெட்டோ முனைப் பக்கம் 'பீஸ், லவ் அண்ட் ஹேப்பினஸ்' என்ற நிறுவனத்துக்கு மாளிகை வீடுகளும் கோல்ஃப் மைதானமும் கட்ட நிலம் போனது. 2005-லேயே ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய காயல் அந்தப் பக்கம்தான். ஓட்டல் கட்டுவதற்கென்று பல வருசம் மணலை அள்ளி ஏற்றுமதி செய்ததும் அதே பால்மெட்டோ முனையில்தான்.

வழக்குகள் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயின. விடுதலை வாங்கி நாற்பது வருசமாகியும் கடைசி நீதிமன்றம் பழைய எசமான் ஊரில்! 2022-இல் தீர்ப்பு பார்புடா மக்களுக்கு எதிராக வந்தது. பொதுநிலத்தில் அவர்களுக்கு இருந்தது அரசியல் சட்டம் காக்கிற 'சொத்து' ஆகாதாம். பத்திரம் இல்லாத உரிமையைச் சொத்து என்று பார்க்க அந்தக் கண்ணாடிக்குத் தெரியவில்லை.

விமானநிலைய வழக்கு வேறு திசையில் போனது. ஜான் மஸ்சிங்டன், ஜாக்லின் ஃபிராங்க் என்ற இரண்டு தீவுவாசிகள் அனுமதி கொடுத்த முறையைக் கேள்வி கேட்டிருந்தார்கள். உங்களுக்கு வழக்குப் போடவே தகுதி இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. 2024 பிப்ரவரி 27-இல் பிரிவி கவுன்சில், அவர்களுக்குத் தகுதி உண்டு என்றது. வழக்கு நடந்த காலமெல்லாம் வேலையும் நடந்தது. அந்த வருசம் அக்டோபரில் விமானநிலையத்தைத் திறந்தார்கள்.